முப்பதாவது சாவு

செத்து விழுந்த கொம்பையா கேமராவைப் பார்த்துச் சிரித்தார்.

பெரிய சிரிப்பு இல்லை. உதடு கொஞ்சம் விலகி, மேல்பல் இரண்டு தெரிந்து, உடனே மூடிக்கொண்டது. சட்டைக்குள் தைத்திருந்த ரத்தப் பை வெடித்து மார்பெல்லாம் சிவப்பாக, தேரிக்காட்டுச் செம்மண்ணில் மல்லாந்து கிடந்தார். நூறடி தள்ளி வேட்டைக்காரர் வேடத்தில் மூன்று பேர் துப்பாக்கியைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றார்கள். இயக்குநர் ஜோதிவேல் கதாநாயகனின் குளோசப் எப்படி வந்திருக்கிறது என்று மானிட்டரில் முகத்தைப் புதைத்திருந்தார். சிரிப்பைப் பார்த்தது, குடைக்கு அடியில் பயத்தை அளக்கும் கருவியோடு உட்கார்ந்திருந்த அருமைராஜ் மட்டும்தான்.

அந்த நிமிஷத்தில் கொம்பையாவுக்குத் தான் நடிக்கிறோம் என்பதே தெரிந்திருக்கக் கூடாது.

சாவுக் காட்சியில் நடித்தவர் ஷாட் முடிந்ததும் எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட வேண்டும் என்பது சினிமாக்காரர்களின் பழைய வழக்கம். திரையில் வந்த சாவு ஆளோடு ஒட்டிக்கொள்ளாமல் இருப்பதற்காக. கைதிகளைப் படத்துக்கு அனுப்பும் திட்டம் வந்தபோது, காட்சிக்குப் பிறகு கைதி நலமாக இருக்கிறார் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று விதி எழுதிய குழு குழம்பியது. யாரோ இந்த வழக்கத்தைச் சொல்லியிருக்கிறார்கள். அப்படியே எழுதிக்கொண்டார்கள். படிவத்தில் பதினான்காவது கட்டம்: 'காட்சிக்குப் பின் கைதி சிரித்த பதிவு இணைக்கப்பட்டுள்ளதா?'

படத்தின் பெயர் 'வேட்டைப் பண்ணை', மூன்றாம் பாகம். முதல் இரண்டு பாகங்களின் கதைதான் இதற்கும். பணக்காரர்கள் சிலர் சிறையிலிருந்து கைதிகளை விலைக்கு வாங்கி, பொட்டல்காட்டில் ஓடவிட்டு, பொழுதுபோகாமல் சுடுகிறார்கள். கடைசி ரீலில் ஒரு நல்ல கைதி அவர்களைத் திருப்பிச் சுடுகிறான். விமரிசகர்கள் காறித் துப்பிய படங்கள். ஆனாலும் ஓடின. தியேட்டர் இருக்கையில் தலையைச் சாய்க்கும் இடத்தில் ஒரு பட்டை இருக்கிறது. திரையில் ஓடுகிறவனின் பயம் அதன் வழியாகப் பார்ப்பவனின் மண்டைக்குள் இறங்கும். அந்தப் பயம் நிஜமானதாக இருந்தால்தான் இறங்கும், நடிப்பு இறங்காது. 'இதில் யாரும் நடிக்கவில்லை' என்று சுவரொட்டியிலேயே போட்டார்கள்.

சிறைகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்தும் சீர்வழி மறுவாழ்வு நிறுவனம் பதினொரு கைதிகளை அனுப்பியிருந்தது. படத்தில் அறுபது பேர் சாகிறார்கள். முகத்தைக் கணினியில் மாற்றிக்கொள்ளலாம். உடம்பும் பயமும் இருந்தால் போதும். ஒவ்வொரு சாவையும் நாலைந்து தடவை எடுத்தார்கள்; ஒவ்வொரு தடவையும் தனிச் சாவாகக் கணக்கு. ஒரு கைதி முப்பது சாவுக்குச் சான்று வாங்கிவிட்டால் அவருடைய மிச்சத் தண்டனை ரத்து. மற்ற பத்துப் பேரும் முப்பதை முடித்தோ, முடியாமலோ போன வாரமே போய்விட்டார்கள். மிஞ்சியவர் கொம்பையா. இருபத்தொன்பது ஆகியிருந்தது.

அருமைராஜ் கருவியைப் பார்த்தான். பயம் எண்பதைத் தாண்டினால்தான் சான்று. கோடு பதினெட்டில் படுத்துக் கிடந்தது.

"சிக்னல் கெட்டுப்போச்சு சார். இது செல்லாது" என்று ஜோதிவேலிடம் சொன்னான்.

"நல்லா விழுந்தானேய்யா?"

"விழுந்தாரு. பதிவு ஆகல."

"நாளைக்கு மூணு மணிக்குப் பூசணிக்காய் உடைக்கிறோம். கருவியெல்லாம் நாளைக்கே வண்டி ஏறணும். காலைல ஒரு டேக் தர்றேன். அந்தாளக் கொன்னு குடுத்துடு, புண்ணியமாப் போகும்" என்றார் ஜோதிவேல்.

மதியச் சாப்பாட்டு வேளையில் அருமைராஜ் தட்டோடு போய்க் கொம்பையாவின் பக்கத்தில் உட்கார்ந்தான். ஒற்றைப் பனையின் நிழல் ஒரு ஆளுக்குத்தான் போதும். கொம்பையா நகர்ந்து பாதி நிழலை விட்டுக்கொடுத்தார். ஐம்பத்துமூன்று வயது. கட்டையான உடம்பு. காய்ந்த சிவப்புச் சாயத்தைக் கழுவாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, ஏன் சிரிச்சீங்க?"

"எப்ப சார்?"

"எப்பன்னு உங்களுக்கே தெரியும்."

கொம்பையா சாம்பார் சோற்றைப் பிசைந்தார். "பழக்கதோசம். இருபத்தொம்பது தடவ சிரிச்சாச்சுல்லா. விழுந்ததும் வாய் தானாப் போயிருச்சு."

"அப்ப படம்னு தெரிஞ்சுதான் விழுந்திருக்கீங்க."

கொம்பையா வாயிலிருந்த சோற்றை விழுங்கினார்.

"தொப்பியப் போட்டு நீங்க பொத்தானத் தட்டினா எனக்கு எப்பவும் ஒரே மாதிரிதான் சார். செல்லுல படுத்தவன், கண்ண முழிச்சா செவப்பு மண்ணுல கெடப்பேன். எதுக்க மூணு பேரு துப்பாக்கியோட நிப்பான். ஏன், எதுக்கு, ஒண்ணும் தெரியாது. ஓடுவேன். இன்னைக்கு முழிக்கயில ஒரு மேச ஞாபகம் வந்துச்சு. மேசையில ஒரு தாளு. அந்தச் சீர்வழிப் பிரமிளாம்மா பேனாவ நீட்டுது. 'இது சினிமா, படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுங்க'ங்குது. ஓகோ, இது அதுதானான்னு எந்திரிச்சு ஓடினேன். நல்லாத்தான ஓடினேன்?"

அருமைராஜ் மனசுக்குள் நாட்களை எண்ணினான். கொம்பையா கையெழுத்துப் போட்டது நாற்பத்தோரு நாளைக்கு முன்பு.

தொப்பிக்கு இரண்டு வேலை. பயத்தை அளப்பது ஒன்று. அதற்கு முன்னால், கடைசி நாற்பது நாள் நினைவுக்குத் திரை போடுவது. ஒப்பந்தம், படப்பிடிப்பு, கேமரா எல்லாம் அந்தத் திரைக்குப் பின்னால் போய்விடும். ஷாட் முடிந்ததும் திரையை எடுத்தால் எல்லாம் திரும்பி வரும். முப்பத்திரண்டு நாளில் முடிகிற படம் என்றுதான் மலிவான நாற்பது நாள் தொப்பியை வாடகைக்கு எடுத்தார்கள். கதாநாயகன் வேறு படத்துக்குப் போய் ஆறு நாள் வரவில்லை. மூன்று நாள் மழை. சினிமாக்காரர்களுக்கு நாள் தள்ளிப்போவது காற்று அடிப்பது மாதிரி. யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணியிருக்க வேண்டியவன் அருமைராஜ். அது அவன் வேலை.

"நல்லா ஓடினீங்க. ஆனா இதுல பதினெட்டுதான் காட்டுது."

"எண்பதுல்லா வேணும்."

"எண்பது வேணும்."

"இனிமே எத்தன தடவ எடுத்தாலும் எனக்கு அந்த மேச ஞாபகம் வந்துரும், அப்படித்தான?"

"ஆமா."

"இருபத்தொம்பதுக்கு என்ன குடுப்பாவ?"

"ஒண்ணும் கிடையாது அண்ணாச்சி. முப்பதுதான் கணக்கு."

கொம்பையா தட்டைக் கீழே வைத்தார். "இருபத்தொம்பது தடவ செத்திருக்கேன் சார். படம்னு அப்புறந்தான் தெரியும். சாவுறப்ப தெரியாது. நெஞ்சுல டொம்முன்னு ஒண்ணு விழும், குனிஞ்சு பாத்தா ரத்தம். சரி, இம்புட்டுத்தான்னு நெனப்பேன். ஒவ்வொரு தடவையும் அதத்தான் நெனச்சிருக்கேன். அப்புறம் நீங்க எழுப்பிச் சிரின்னு சொல்லுவிய." அவர் கையை மண்ணில் தேய்த்தார். "அந்தத் தெரைய இன்னும் கொஞ்சம் இழுத்து விட முடியாதா?"

"நாப்பதுக்கு மேல சிவப்புக் கோடு போட்டிருக்கான். போகாதேங்கிறான்."

"போனா?"

"திரும்பி வர நாளாகலாம். வராமலேகூடப் போகலாம்."

"எது வராது? இங்க வந்து செத்தது வராது, அம்புட்டுத்தான? வராட்டி எனக்கு லாபம்லா சார்."

முன்பு பறவைகளின் குரலைப் பதிவு செய்துகொண்டு ஏரி ஏரியாக அலைந்தவன் அருமைராஜ். பயத்தைப் பதிவு செய்ய ஆள் வேண்டும் என்று கூப்பிட்டபோது, காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர் காய்ச்சலுக்குப் பொறுப்பாகாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தான். பதினொரு பேரின் பயத்தை அளந்த பிறகும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

"முப்புடாதி நாளைக்கு வாரா" என்றார் கொம்பையா. "எம்பொண்டாட்டி. வேட்டி சட்ட எடுத்துட்டு வாரேன்னு போன்ல சொன்னா. திரும்பிப் போயிட்டு ஆறு வருசம் கழிச்சு வான்னு அவகிட்ட யாரு சொல்லுதது? நீங்க சொல்லுவியளா?"

மறுநாள் பதினொரு மணிக்கு அருமைராஜ் திரையை ஐம்பத்தைந்து நாளுக்கு இழுத்தான். கருவி இரண்டு முறை எச்சரித்தது. இரண்டு முறையும் சரி என்று அழுத்தினான்.

கொம்பையா கண் விழித்தார். எப்போதும் விழித்ததும் சரிவில் இறங்கி ஓடுவார். நான்கு கேமராவும் சரிவைப் பார்த்துத்தான் நின்றன. இன்று அவர் ஓடவில்லை. உட்கார்ந்தபடியே சரிவைப் பார்த்தார். பிறகு தன் கால்களைப் பார்த்தார். கால்கள் அவரைக் கேட்காமலே எழுந்த மாதிரி இருந்தது. குனிந்து, மேட்டுப் பக்கமாக ஏறி, முள் அடர்ந்த உடைமரக் கூட்டத்துக்குள் போய் மறைந்தார்.

"யோவ், ஏன்யா அந்தப் பக்கம் போறான்? கேமரா இந்தப் பக்கம்ல நிக்குது!" என்று ஜோதிவேல் கத்தினார்.

அருமைராஜுக்குப் புரிந்தது. நினைவுக்குத் திரை போடலாம், காலுக்குப் போட முடியாது. இருபத்தொன்பது தடவை அந்தச் சரிவில் இறங்கிச் செத்த கால்கள் முப்பதாவது தடவை இறங்க மறுத்துவிட்டன. கோடு எழுபத்தொன்று வரை ஏறி, அறுபத்து மூன்றுக்கு இறங்கி, அங்கேயே நின்றது. மிரண்டு ஓடுகிறவன் எண்பதைத் தாண்டுவான். ஒளிந்துகொண்டு யோசிக்கிறவன் தாண்டமாட்டான்.

திரையை எடுக்கும் பொத்தானை அழுத்தினான். எடுபடவில்லை. பத்து நிமிஷம் கழித்து மறுபடியும். மதியம் ஒரு மணிக்கு மறுபடியும். கொம்பையா அங்கே மண்ணில் படுத்திருந்தார், ஐம்பத்தைந்து நாளைக்கு முந்திய மனிதராக.

சீர்வழி நிறுவனத்தின் நல அலுவலர் பிரமிளா படிவத்தோடு குடைக்கு அடியில் வந்து நின்றாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கெட்டவள் இல்லை. கைதிகளுக்குத் தைலமும் மாத்திரையும் தன் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பவள்.

"தொப்பியில சார்ஜ் எதுவரைக்கும் நிக்கும் சார்?"

"அஞ்சு மணி."

"தொப்பி கழட்டுற வரைக்கும் ஒரே டேக்தான். அஞ்சுக்குள்ள எண்பது தாண்டிட்டா சான்று போட்டுடுவேன். அந்த நிமிஷத்துலேர்ந்து அவர் சுதந்திரமான ஆளு. தாண்டலன்னா அவர் கைதி. கூப்பிட்டு வரலன்னா, தப்பி ஓடின கைதி." அவள் தார் ரோட்டுப் பக்கம் பார்த்தாள். சீர்வழி காவலர்கள் எட்டுப் பேர் அங்கே நின்றார்கள். "அவங்க துப்பாக்கியில இருக்கறது உங்க வெடி இல்ல. ரோட்டத் தாண்டி அவர் காலெடுத்து வச்சா என்னால தடுக்க முடியாது."

ஜோதிவேல் ஒலிபெருக்கியை எடுத்தார். "கொம்பையா! இது சினிமா! உன்ன யாரும் ஒண்ணும் பண்ணமாட்டாங்க! வெளிய வா!"

கோடு அறுபத்தெட்டுக்கு ஏறியது.

"வைங்க சார் அத. முதல் பாகத்துல வேட்டைக்காரன் பேசுற வசனமே இதுதான்" என்றான் அருமைராஜ்.

ஜோதிவேல் ஒலிபெருக்கியை இறக்கினார். எழுதியவர் அவரேதான். "அப்ப நாலு பக்கமும் வெடியப் போடுவோம். பயந்து எண்பதுக்கு வரட்டும்."

"பயந்து ரோட்டுப் பக்கம் ஓடினாருன்னா?" என்றாள் பிரமிளா.

பூசணிக்காய் மேசைமேல் சூடம் வைத்தபடியே இருந்தது.

மூன்றரை மணிக்கு ஷேர் ஆட்டோவில் முப்புடாதி வந்து இறங்கினாள். ஐம்பது வயதிருக்கும். நரைத்த முடியை இறுக்கி முடிந்திருந்தாள். ஒயர் கூடையில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை மேலாகத் தெரிந்தது. வேடம் போட்ட வேட்டைக்காரர்களை ஒருமுறை பார்த்தாள். அவர்கள் துப்பாக்கியை மறைத்துக்கொண்டார்கள்.

"அவரு எங்க?"

அருமைராஜ் சொன்னான். எதையும் மழுப்பாமல் சொன்னான். ஐம்பத்தைந்துக்கு இழுத்தது தான்தான் என்பதையும் சொன்னான்.

"என்னையும் மறந்திருப்பாரா?"

"இல்லம்மா. ரெண்டு மாசந்தான் போயிருக்கும். அதுக்கு முந்தினது எல்லாம் இருக்கும். உங்களத் தெரியும்."

"இப்ப அவரு என்ன நெனச்சுட்டுக் கெடக்காரு?"

"செல்லுல படுத்தவர யாரோ தூக்கிட்டு வந்து இங்க போட்டு, சுட வர்றாங்கன்னு."

அவள் கூடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள். "ஏன், நெசமும் அதுதான?" என்றாள். பிறகு, "நான் போய்க் கூப்புடுதேன்" என்றாள்.

அருமைராஜ் கையில் பிடிக்கும் கருவியை எடுத்துக்கொண்டு நாற்பதடி பின்னால் நடந்தான். தேரி மணல் கணுக்கால் வரை இழுத்தது. காற்றில் மணல் ஊர்ந்து பழைய காலடிகளை மூடிக்கொண்டிருந்தது. மேலே டிரோன் ஒன்று வந்து நின்றதை அவன் பார்த்தான். வேண்டாம் என்று கையை ஆட்டினான். அது நகரவில்லை.

கோடு அறுபத்தொன்று. பயந்து பயந்து களைத்துப்போன மனிதனின் கோடு.

முப்புடாதி உடைமரக் கூட்டத்துக்கு முன்னால் நின்று, சத்தமாக, வீட்டு வாசலில் நின்று கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டாள். "ஏங்க! நாந்தான் வந்திருக்கேன்! வெளிய வாங்க!"

அவள் சொல்லி முடிப்பதற்குள் கருவி அலறியது. தொண்ணூற்றேழு.

முள்ளைக் கிழித்துக்கொண்டு கொம்பையா வெளியே வந்தார். அருமைராஜ் இருபத்தொன்பது சாவில் பார்க்காத முகம் அது. கண் பிதுங்கி, வாய் கோணி, சத்தமே இல்லாமல் வந்தார். முப்புடாதியின் கையைப் பிடித்து இழுத்து மண்ணில் தள்ளினார். அவள்மேல் குப்புற விழுந்தார். ஒரு கையால் அவள் வாயைப் பொத்தினார். முதுகை வேட்டைக்காரர்கள் இருந்த பக்கம் திருப்பிக்கொண்டு, அவள் தலை வெளியே தெரியாமல் தன் தோளுக்குள் இறுக்கிக்கொண்டார். கூடை உருண்டு வெள்ளைச் சட்டை சிவப்பு மண்ணில் விரிந்து கிடந்தது.

கருவி துப்பாக்கி மாதிரி நீளமாக இருப்பதை அருமைராஜ் அப்போதுதான் உணர்ந்தான். அதைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கையையும் விரித்துக் காட்டியபடி மண்டியிட்டான். கீழே கிடந்த கருவியில் கோடு இறங்கவே இல்லை.

இடுப்பிலிருந்த வாக்கிடாக்கியில் ஜோதிவேலின் குரல் குழறியது. "தலைவா, தொண்ணூத்தேழு! எழுபது வயசுக் கிழவனும் சீட்ட விட்டு எந்திரிச்சு ஓடுவான்! ஒண்ணும் பண்ணாத, அப்படியே விடு, டிரோன்ல வந்துட்டிருக்கு!"

தொப்பியை முப்புடாதிதான் கழற்றினாள். அதற்கு அரைமணி நேரம் ஆனது. அவர் கைக்கு அடியிலிருந்து மெதுவாகத் தன் கையை எடுத்து, தலையைத் தடவுகிற மாதிரி தடவிக் கழற்றினாள். பிறகும் இருவரும் எழுந்திருக்கவில்லை. காவலர்கள், வேட்டைக்காரர்கள் எல்லோரையும் கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்கு அனுப்பிய பிறகுதான் அவர் அவளை எழவிட்டார்.

குடைக்கு அடியில் பெரிய கருவியின் திரையில் ஒரு கேள்வி நின்றது: சேமிக்கவா, அழிக்கவா?

அருமைராஜ் இரண்டு வார்த்தைகளையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பின்னால் உதவி இயக்குநர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "கொல்ல வந்தவனப் பாத்து அறுபது. பொண்டாட்டியப் பாத்து தொண்ணூத்தேழு. ஆளு அனுபவஸ்தன்யா!" அவர்களுக்குப் பத்தடியில் வேனின் படியில் முப்புடாதி நின்றாள். உள்ளே இருக்கைகளுக்கு நடுவில் தரையில் கொம்பையா உட்கார்ந்திருந்தார்.

இதை அழித்துவிட்டால், அந்த மனிதர் அந்த ஒரு கணத்தில் பட்டது அவரோடு போகும். அழிக்காவிட்டால் அடுத்த மாதம் ஊர் ஊராகப் போகும். பாப்கார்னும் கையுமாகத் தலையைச் சாய்த்து உட்காருகிறவன் அனுபவிப்பான். நன்றாக இருந்தது என்று நண்பனுக்குச் சொல்வான். இரண்டாவது தடவையும் போவான்.

"சார், நாலு அம்பது ஆச்சு" என்றாள் பிரமிளா. அவளுக்கும் அவன் விரல் எங்கே நிற்கிறது என்று தெரிந்திருந்தது. "பதிவு இல்லாம நான் சான்று போட முடியாது. அஞ்சு அடிச்சா அந்த வேனுக்குக் காவலர் வந்துடுவாங்க."

அவன் சேமித்தான். கருவி பெயர் கேட்டது. 'சாவு 30' என்று அடித்தான்.

"சிரிச்ச பதிவு?" என்று பிரமிளா பதினான்காவது கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"இப்பப் போய் அவரச் சிரிக்கச் சொல்லுவியாம்மா?"

"கட்டம் காலியா இருந்தா மேல திருப்பி அனுப்பிடுவாங்க சார்."

அருமைராஜ் சொல்ல, ஜோதிவேல் நேற்றுத் தவறிப்போன ஷாட்டிலிருந்து அந்தச் சிரிப்பை எடுத்துக் கொடுத்தார். கச்சிதமாகப் பொருந்தியது. பிரமிளா கையெழுத்துப் போட்டு விடுதலைத் தாளைக் கிழித்து முப்புடாதியிடம் நீட்டினாள். அதற்குள் யாரோ பூசணிக்காயை உடைத்துவிட்டிருந்தார்கள். சத்தம் கேட்டு வேனுக்குள் கொம்பையா தரையோடு தரையாகப் படுத்தார்.

அருமைராஜும் அதே வேனில் ஏறிக்கொண்டான். டாக்டரிடம் கூட்டிப் போகவேண்டும். இரண்டு நாளில் எல்லாம் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்று கருவிக் கம்பெனிக்காரன் போனில் சொல்லியிருந்தான். கொம்பையா இருக்கையில் உட்கார மறுத்துவிட்டார். முப்புடாதி ஜன்னலோரம் உட்கார்ந்து, தரையில் இருந்தவரின் கையைப் பிடித்திருந்தாள். வேன் செம்மண் பாதையில் ஆடி ஆடிப் போனது.

"சார், ஒண்ணு கேக்கட்டா" என்றாள்.

"கேளுங்கம்மா."

"அந்தப் பொட்டியில, அவரு எதுக்குப் பயந்தாருன்னு தெரியுமா?"

அவன் அவள் பக்கம் திரும்பினான்.

"அந்தப் பயலுவ பேசுனது காதுல விழுந்துச்சு. கொல்ல வந்தவனுவளப் பாத்தப்பகூட அம்புட்டு ஏறலையாமே. என்னையப் பாத்ததுந்தான் ஏறிச்சாமே."

"உங்களப் பாத்துப் பயப்படல. உங்களுக்காகத்தான்மா பயந்தாரு. உங்களையும் பிடிச்சுட்டு வந்துட்டாங்கன்னு."

"அவரு சொன்னாரா?"

"சொல்லல."

"பொட்டியில அப்படி இருக்கா?"

"அதுல எவ்வளவுன்னுதான் இருக்கும். எதுக்குன்னு இருக்காதும்மா."

அவள் தலையசைத்தாள். அவன் தன்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்ட மாதிரி இருந்தது அது.

"பதினாலு வருசத்துக்கு முன்னால கோர்ட்டுல சாட்சி சொன்னது நாந்தான் சார். அவரு வெட்டுனத நான் பாத்தேன். பாத்தியான்னு கேட்டாவ, பாத்தேன்னேன். வேற சாட்சி கிடையாது. அதப் பத்தி இன்னைக்கு வரைக்கும் அவரு ஒரு வார்த்த கேட்டதில்ல. பாக்கப் போனா, சாப்ட்டியா, மழ பெஞ்சுதான்னு மட்டும் கேப்பாரு. நானும் பெஞ்சுது, பெய்யலன்னு சொல்லிட்டு வந்துருவேன். உள்ளுக்குள்ள என்ன வச்சிருக்காருன்னு எனக்குத் தெரியாது. இன்னைக்கு அந்தப் பொட்டிக்குத் தெரிஞ்சிருச்சுன்னு நெனச்சேன்."

அருமைராஜ் தரையில் இருந்தவரைப் பார்த்தான்.

வேன் தார் ரோட்டில் ஏறும் இடத்தில் நின்றது. காவலர் ஒருவர், தோளில் துப்பாக்கியோடு, தாளைச் சரிபார்க்க ஜன்னல் பக்கம் நடந்து வந்தார். தரையிலிருந்து கொம்பையாவின் கை எழுந்தது. முப்புடாதியின் பிடரியைப் பிடித்து, ஜன்னலுக்குக் கீழே வரும்வரை அவள் தலையை அமுக்கியது. இன்னொரு கையை அவர் அதன்மேல் குடை மாதிரி கவிழ்த்துக்கொண்டார்.

"விடுங்க, கழுத்து வலிக்குது" என்றாள் அவள்.

அவர் விடவில்லை.